உங்கள் முகவரி யார் பெயரில் இருக்கிறது?

"எங்கள் இணையத்தளத்தை ஹேக் செய்துவிட்டார்கள்." ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துச் சிறு வணிகர்கள் உதவி கேட்டு வரும்போது பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தோடுதான் வருகிறார்கள். உட்காரவைத்து விசாரித்தால் ஒவ்வொருவர் கதையும் வேறாக இருக்கிறது. ஒருவர் தமது இணைய முகவரியைப் புதுப்பிக்க மறந்திருந்தார். இன்னொருவரின் பெயரைப் போட்டு யாரோ மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். அவருடைய கணக்குக்குள் எவரும் நுழையவே இல்லை. மூன்றாமவரின் அஞ்சல் பெட்டிக்குள் ஒருவன் இரண்டு மாதமாகச் சத்தமில்லாமல் குடியிருந்தான். நான்காமவருக்குக் களவே நடக்கவில்லை. தளத்தை அமைத்துக் கொடுத்த பையன் வேலை கிடைத்து மத்திய கிழக்குக்குப் போய்விட்டான். கடவுச்சொல்லும் அவனோடு போய்விட்டது.

நான்கும் நான்கு நோய்கள். மருந்தும் நான்கு. எல்லாவற்றையும் ஒரே சொல்லால் அழைப்பதால்தான் கடவுச்சொல்லை மாற்ற வேண்டியவர் தளத்தை மாற்றுகிறார், முகவரியைக் காப்பாற்ற வேண்டியவர் வைரஸ் தடுப்பு மென்பொருள் வாங்கக் காசைக் கொட்டுகிறார். விருந்தினர் விடுதி நடத்துபவர், தேயிலை பொதியிட்டு விற்பவர், மரக்கறி மொத்த வியாபாரி, புகைப்பட நிலையம் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், கணினியைப் பற்றி எதுவும் தெரியாது என்ற எண்ணத்தோடே இதைப் படிக்கத் தொடங்கலாம்.

## வீடு, முகவரி, கடிதம்

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு முகவரியின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லயன் வீடுகளுக்குத் தனி இலக்கம் இல்லாத தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து எந்த நாளில், யார் கையில், எந்த லயத்துக்குப் போகும் என்பது பெறுபவரின் கையில் இல்லை. நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு வந்து சேர்ந்த அழைப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். எழுதியவர் சரியாகத்தான் எழுதினார், பெற வேண்டியவரும் வீட்டில்தான் இருந்தார். முகவரி மட்டும் வேறொருவர் பிடியில் இருந்தது.

இணையத்திலும் மூன்று பொருள்கள் இருக்கின்றன. உங்கள் இணையத்தளம் என்பது வீடு. படங்களும் விலைப்பட்டியலும் அறை முன்பதிவுப் படிவமும் அங்கே இருக்கின்றன. அந்த வீடு எங்கோ ஓர் ஊரில், எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் கணினி ஒன்றில் வாடகைக்கு எடுத்த அறை. அந்தக் கணினியைச் சேவையகம் என்கிறோம். வாடிக்கையாளர் தட்டச்சு செய்யும் பெயர் முகவரி. இதை டொமைன் பெயர் என்றும் ஆள்களப் பெயர் என்றும் சொல்வார்கள். நான் டொமைன் என்றே எழுதுகிறேன். மூன்றாவது, கடிதம்: அதுதான் மின்னஞ்சல்.

வீட்டை இடித்து வேறிடத்தில் கட்டினாலும் முகவரியைக் கொண்டுபோகலாம். முகவரி போய்விட்டாலோ வீடு அப்படியே இருக்கும், யாராலும் வந்து சேர முடியாது, கடிதமும் வராது. எனவே மூன்றில் முதலில் காக்க வேண்டியது முகவரி. வணிகர்கள் பணத்தையும் கவலையையும் வீட்டின் மேல் செலவிட்டுவிட்டு, முகவரியை யாரோ ஒருவரின் சட்டைப் பையில் விட்டுவைக்கிறார்கள்.

## பெயரை வைத்து வழி கண்டுபிடிப்பது எப்படி?

கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அடையாளம் காண்கின்றன. மனிதர்களுக்கு எண் நினைவில் நிற்காது, பெயர்தான் நிற்கும். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஏற்பாடு ஒன்று வேண்டும். தொடக்க காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் இருந்தன. வலையமைப்பு வளர வளர அந்தப் பட்டியலைக் கட்டி மேய்க்க முடியாமல் போனது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் வேறு ஒரு முறையை வகுத்தார். டிஎன்எஸ் என்று அழைக்கப்படும் அந்த முறைதான் இன்றும் நடக்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தபால்காரரிடம் கேட்டால் போதும். கடித உறையில் நாம் எழுதுவது பெயர், டிவிஷன், தோட்டம், நகரம், நாடு என்ற வரிசையில். படிப்பவர்கள் கீழிருந்து மேலே படிக்கிறார்கள். வெளிநாட்டில் கடிதத்தைப் பிரிப்பவருக்கு 'இலங்கை' என்ற கடைசி வரி மட்டும் போதும். கொழும்பில் இருப்பவர் 'ஹட்டன்' என்பதைப் பார்க்கிறார். ஹட்டனில் தோட்டத்தின் பெயர். தோட்டத்தில் டிவிஷன். வழியில் இருக்கும் எவருக்கும் முழு இலங்கையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆள் யார் என்று தெரிந்தால் போதும்.

டொமைன் பெயரும் இப்படியே பின்னாலிருந்து படிக்கப்படுகிறது. 'பனிமலை.இலங்கை' என்று ஒரு முகவரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் 'இலங்கை என்ற முடிவைப் பார்த்துக்கொள்வது யார்?' என்று கேட்கப்படுகிறது. இலங்கையின் டொமைன் பதிவகம் என்று பதில் வருகிறது. 1990 முதல் 'எல்கே' என்ற முடிவும், 2010இல் அனுமதி கிடைத்த பின் தமிழில் '.இலங்கை' என்ற முடிவும் அந்தப் பதிவகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. பதிவகத்திடம் 'பனிமலை யாருடையது?' என்று கேட்டால், அந்தப் பெயருக்கான குறிப்புகளை வைத்திருக்கும் சேவையகத்தைக் கைகாட்டுகிறது. அங்கே வீடு இருக்கும் எண்ணும் கிடைக்கிறது, கடிதங்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற குறிப்பும் கிடைக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த இடத்தைக் கைப்பற்றியவன் உங்கள் வாடிக்கையாளரையும் திருப்பிவிடலாம், உங்கள் கடிதங்களையும் திருப்பிவிடலாம்.

இது கற்பனை அல்ல. 2021 பெப்ரவரி 6, சனிக்கிழமை அதிகாலையில், 'எல்கே' என்று முடியும் கூகுள் முகவரியைத் திறந்தவர்கள் வேறொரு பக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஊடக சுதந்திரம், சிறுபான்மையினர் பிரச்சினை இவற்றோடு தேயிலைத் தொழிலின் அவலங்களும் அந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தன. தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. கூகுளின் கணினிகளை எவரும் தொடவில்லை. சந்தியில் இருந்த கைகாட்டிப் பலகை மட்டும் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. காலையிலேயே சரிசெய்துவிட்டார்கள் என்றாலும், வீடு எவ்வளவு பலமாக இருந்தாலும் முகவரி வேறு வழியாகப் பறிபோகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சுருக்கமாக: இணையத்தளம் வீடு, டொமைன் முகவரி, மின்னஞ்சல் கடிதம். பெயரை எண்ணாக மாற்றும் ஏற்பாடு டிஎன்எஸ். முகவரியின் குறிப்புகள் யார் கையில் இருக்கின்றனவோ அவர் கையில்தான் மற்ற இரண்டும்.

## முகவரியை வாங்க முடியாது

'டொமைன் வாங்கினேன்' என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் யாரும் வாங்குவதில்லை, குத்தகைக்கு எடுக்கிறோம். பதிவு நிறுவனம் ஒன்றிடம் ஆண்டுக் கட்டணம் செலுத்தி, அந்த ஆண்டுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமையைப் பெறுகிறோம். 'டொட் கொம்' பெயரை அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கு முன்கூட்டியே பதிவு செய்துவைக்கலாம்.

குத்தகை என்றால் மூன்று கேள்விகள் எழ வேண்டும். பத்திரம் யார் பெயரில்? சாவி யார் கையில்? தவணை எப்போது முடிகிறது?

முதல் கேள்விதான் நம் பக்கத்தில் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. நானுஓயாவுக்கு அருகில் நான்கு அறைகளோடு விடுதி நடத்தும் ஓர் அக்காவின் அனுபவம் இது. தளத்தை அமைத்துக் கொடுத்தவர் தமது சொந்தப் பெயரில், தமது மின்னஞ்சலில் டொமைனைப் பதிவு செய்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அப்போது அது இலகுவாக இருந்தது, அவ்வளவுதான். ஐந்து வருடம் கழித்து அந்த அக்கா வேறொருவரிடம் தளத்தைப் புதுப்பிக்கக் கொடுத்தபோது, முகவரி அவருடையது என்பதற்கு எழுத்தில் ஒன்றுமே இல்லை. அறைச் சுவரில், பெயர்ப்பலகையில், வெளிநாட்டுப் பயணிகள் எழுதிவிட்டுப் போன குறிப்புகளில் எல்லாம் அந்த முகவரி இருந்தது. பதிவில் மட்டும் அவர் பெயர் இல்லை. பழையவரைத் தேடிப் பிடிக்க மூன்று மாதம் ஆனது. கிடைத்தார் என்பதால் காரியம் நடந்தது.

இன்றே பார்த்துவிடுங்கள். பதிவு நிறுவனத்தின் கணக்கில் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரோ உங்கள் வணிகத்தின் பதிவுப் பெயரோ இருக்க வேண்டும். அமைத்துக் கொடுப்பவருக்குத் தொழில்நுட்பத் தொடர்பாளர் என்ற இடம் போதும். தம்பி முறையானவர், தெரிந்த பிள்ளை என்பதெல்லாம் அன்புக்குச் சரி. காணி உறுதியைத் தம்பி பெயரில் எழுதிவைக்க நாம் ஒப்புவோமா?

ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு 'டொட் கொம்' டொமைனை மாற்ற வேண்டும் என்றால் பழைய நிறுவனம் ஒரு மாற்றுக் குறியீடு தர வேண்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் கொள்ளுத் தாத்தாக்களைக் கட்டிப்போட்ட துண்டு முறை நினைவுக்கு வருகிறது. பழைய தோட்டம் கடன் விபரம் எழுதித் துண்டு தந்தால்தான் அடுத்த தோட்டம் வேலைக்கு எடுக்கும். அந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. டொமைன் விடயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது: உரிமையாளர் கேட்டால் ஐந்து நாட்களுக்குள் குறியீட்டைக் கொடுக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆனால் 'உரிமையாளர் கேட்டால்' என்றுதான் விதி சொல்கிறது. பதிவில் உங்கள் பெயர் இல்லையென்றால் கேட்பதற்கே உங்களுக்கு உரிமை இல்லை. அந்தக் குறியீட்டைத் திருடியும் டொமைனைக் கடத்தலாம் என்பதால், கணக்கில் 'மாற்றப் பூட்டு' என்ற வசதியை எப்போதும் போட்டே வைத்திருங்கள்.

இரண்டாவது கேள்வி, சாவி. பதிவு நிறுவனத்தின் கணக்கைத் திறக்க ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்திருப்பீர்கள். அது எது? பலர் தங்கள் சொந்த டொமைனிலேயே உருவாக்கிய முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது போன்றது இது. டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சல் பெட்டியும் செத்துவிடும். 'புதுப்பியுங்கள்' என்ற எச்சரிக்கை போய்ச் சேர இடமே இருக்காது. கடவுச்சொல்லை மறந்தாலும் மாற்றும் இணைப்பு அந்தச் செத்த பெட்டிக்குத்தான் போகும். இந்த ஒரு கணக்குக்கு மட்டும் வேறொரு முகவரி, உதாரணமாக நன்றாகப் பாதுகாக்கப்பட்ட ஒரு ஜிமெயில் முகவரி, கொடுத்து வையுங்கள்.

மூன்றாவது, தவணை. 'டொட் கொம்' பெயர் காலாவதியானால் உடனே பறிபோவதில்லை. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம் உண்டு. அதற்குப் பின் 30 நாள் மீட்புக் காலம். இதில் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். கடைசியாக ஐந்து நாள். அதன்பின் உலகத்தில் எவரும் அந்தப் பெயரைப் பதிவு செய்யலாம். பல வருடம் பழகிய பெயர்களை இதற்கென்றே காத்திருந்து பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பிடித்தவன் அதில் அஞ்சல் பெட்டி ஒன்றைத் திறந்தால், நேற்றுவரை உங்களுக்கு வந்த கடிதங்கள் இன்று அவனுக்கு வரும். அந்த முகவரியைக் கொடுத்து நீங்கள் திறந்த முகநூல் கணக்கு, அறை முன்பதிவுக் கணக்கு எல்லாவற்றிலும் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று அவன் அழுத்தினால் போதும். வணிகத்தை மூடுபவர்கள்கூட டொமைனை இன்னும் ஓரிரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தானாகப் புதுப்பிக்கும் வசதி இருக்கிறது; ஆனால் அது வங்கி அட்டையை நம்பியிருக்கிறது. அட்டை காலாவதியாகும், தொலையும், வெளிநாட்டுக் கொடுப்பனவு மறுக்கப்படும். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டபோது, டொலரில் கட்டணம் செலுத்துபவர்களின் கணக்குகள் எல்லாம் தலைகீழாயின. முடிந்தால் இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்தே செலுத்துங்கள். புதுப்பிக்கும் தேதியைக் கடையில் தொங்கும் நாட்காட்டியில், தைப்பொங்கலையும் தீபாவளியையும் போலச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

இதுவரை: டொமைன் குத்தகை, சொத்து அல்ல. பதிவு உங்கள் பெயரில், கணக்கின் மின்னஞ்சல் வேறொரு முகவரியில், மாற்றப் பூட்டு போட்டபடி, தவணை கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

## பூட்டுப் படம் சொல்வதும் சொல்லாததும்

'முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தது, அதனால் நம்பினேன்' என்று சொல்பவர்களுக்கு ஒரு விளக்கம். பூட்டு என்பதன் பொருள், உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை நடுவில் எவரும் படிக்க முடியாது என்பது மட்டுமே. திறந்த தபாலட்டைக்கும் ஒட்டிய உறைக்கும் உள்ள வேறுபாடுதான். உறையை ஒட்டியவர் யோக்கியரா என்று உறை சொல்லாது. பூட்டுக்கான சான்றிதழ் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது, மோசடிக்காரர்களும் வாங்குகிறார்கள். இதனால் குழப்பம் வருகிறது என்றே 2023இல் குரோம் உலாவி பூட்டுப் படத்தை அகற்றிவிட்டது. உங்கள் தளத்துக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். ஆனால் மற்றவர் தளத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது முகவரியின் எழுத்துக்களை.

எழுத்தை வைத்து ஏமாற்றுவது தமிழ் படிப்பவர்களுக்கு எளிதில் விளங்கும். துணைக்காலும் 'ர' என்ற எழுத்தும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பாருங்கள்: வாசல், வரசல். அவசரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. 'கௌரி', 'கெளரி' இரண்டில் எதில் 'ள' இருக்கிறது என்று உற்றுப் பார்த்தாலும் சொல்வது கடினம்; கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துக்கள். ஆங்கிலத்தில் ஆர், என் என்ற இரு எழுத்துக்களை ஒட்டி எழுதினால் எம் போலத் தெரியும். எல் என்ற சிறிய எழுத்தும் ஒன்று என்ற இலக்கமும் இரட்டைப் பிள்ளைகள். இப்படி உங்கள் முகவரியைப் போலவே தோன்றும் இன்னொன்றை எவனாவது பதிவு செய்துவிட்டு உங்கள் வாடிக்கையாளருக்கு எழுதலாம். எல்லா வடிவங்களையும் நீங்களே பதிவு செய்து தடுக்க முடியாது, காசும் கட்டாது. 'டொட் கொம்', 'எல்கே' இரண்டையும் எடுத்துவைப்பது போதும். முகவரி தேர்ந்தெடுக்கும்போதே குட்டையாகவும் குழப்பமான எழுத்துக்கள் இல்லாமலும் தேர்ந்தெடுப்பது அதைவிட நல்லது.

## அனுப்புநர் என்ற இடத்தில் யாரும் எதையும் எழுதலாம்

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழகியபோது மேலே 'அனுப்புநர்', அதற்குக் கீழே 'பெறுநர்' என்று எழுதினோம். தபால் கந்தோரில் பெறுநரை மட்டும்தான் பார்ப்பார்கள். அனுப்புநர் இடத்தில் நான் மாவட்டச் செயலாளரின் பெயரை எழுதினாலும் கடிதம் போய்ச் சேரும்.

மின்னஞ்சல் அனுப்பும் அடிப்படை முறை 1982இல் எழுதப்பட்டது. அன்று வலையமைப்பில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் இராணுவ நிலையங்களும்தான். ஒருவர் பெயரை இன்னொருவர் போட்டு எழுதுவார் என்ற எண்ணம் எவருக்கும் இருக்கவில்லை. அதனால் அனுப்புநரைச் சரிபார்க்கும் வழியே அந்த முறையில் வைக்கப்படவில்லை. 'என் முகவரியிலிருந்து மோசடிக் கடிதம் போயிருக்கிறது, ஆகவே என் கணக்கு திருடப்பட்டுவிட்டது' என்று பதறுபவர்கள் இதை அறிய வேண்டும். உங்கள் பெயரை உறையில் எழுத உங்கள் வீட்டுக்குள் வர வேண்டியதில்லை.

பின்னாளில் இதற்கு மூன்று திருத்தங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றைத் தேயிலைத் தொழிற்சாலையை வைத்து விளக்கலாம். தொழிற்சாலையிலிருந்து கொழும்புக் களஞ்சியத்துக்குத் தேயிலை மூட்டைகள் போகின்றன. களஞ்சிய வாசலில் ஒரு காவலாளி நிற்கிறார்.

தொழிற்சாலை ஓர் அறிவித்தலை ஒட்டுகிறது: 'எங்கள் தேயிலை இந்த மூன்று லொறிகளில்தான் வரும்.' காவலாளி வந்த லொறியின் இலக்கத்தை அதோடு ஒப்பிடுகிறார். இதுதான் எஸ்பிஎஃப்: உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப அனுமதி பெற்ற சேவையகங்களின் பட்டியல்.

அடுத்து, ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் தொழிற்சாலையின் முத்திரை. இடையில் பிரித்துக் கலப்படம் செய்தால் முத்திரை உடைந்துவிடும். முத்திரை குத்தும் அச்சு தொழிற்சாலையில் மட்டுமே இருக்கும். முத்திரை எப்படி இருக்க வேண்டும் என்ற மாதிரி எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்கும். இது டிகேஐஎம்: கடிதத்தோடு போகும் கணித முத்திரை.

காவலாளிக்கு இன்னும் ஒன்று தெரிய வேண்டும். பட்டியலும் பொருந்தவில்லை, முத்திரையும் இல்லை என்றால் என்ன செய்வது? 'உள்ளே விடு, எனக்குத் தகவல் மட்டும் சொல்' என்பது ஒரு கட்டளை. 'ஒரு பக்கமாக ஒதுக்கி வை' என்பது இரண்டாவது. 'திருப்பி அனுப்பு' என்பது மூன்றாவது. இந்தக் கட்டளையின் பெயர் டிமார்க். வெளியுறையில் இருக்கும் முகவரியும், வாடிக்கையாளர் கண்ணில் படும் அனுப்புநர் முகவரியும் ஒரே டொமைனைச் சேர்ந்தவையா என்பதையும் இதுதான் ஒப்பிடச் சொல்கிறது. இது இல்லாவிட்டால் முதல் இரண்டும் அரைக் காவல்தான்.

மூன்று குறிப்புகளும் ஒட்டப்படும் அறிவித்தல் பலகை, நாம் முன்பு பார்த்த டிஎன்எஸ் குறிப்புகள் இருக்கும் அதே இடம். படிப்பவர் உங்கள் காவலாளி அல்லர், கடிதத்தைப் பெறும் பக்கத்தின் காவலாளி. எனவே, நீங்கள் குறிப்பை ஒட்டினால் ஜெர்மனியில் இருக்கும் உங்கள் தேயிலை வாடிக்கையாளர்தான் காக்கப்படுகிறார்.

செய்வது கடினமா? உங்கள் அஞ்சல் சேவையை வழங்கும் நிறுவனமே எழுத வேண்டிய வரிகளைத் தரும். தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஒரு பிற்பகல் போதும். இரண்டு எச்சரிக்கைகள். எஸ்பிஎஃப் பட்டியல் ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு ஒட்டினால் இரண்டும் செல்லாது. டிமார்க்கில் முதல் நாளே 'திருப்பி அனுப்பு' என்று எழுதிவிடாதீர்கள். பற்றுச்சீட்டு அனுப்பும் கணக்கு மென்பொருள் ஒன்றை நீங்கள் மறந்திருக்கலாம். உங்கள் சொந்த லொறியே வாசலில் தடுக்கப்படும். சில வாரம் தகவல் மட்டும் பெற்றுப் பார்த்துவிட்டுப் படிப்படியாக இறுக்குங்கள்.

பெரிய நிறுவனங்களுக்கு உரியது என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் தங்கள் பயனர்களுக்கு எழுதும் எல்லோரிடமும் முதல் இரண்டில் ஒன்றையாவது எதிர்பார்க்கின்றன. கூகுள் பயனர்களுக்கு நாளொன்றுக்கு 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். 'விலைப்பட்டியல் அனுப்பினேன், வரவில்லை என்கிறார்கள்' என்ற முறைப்பாட்டின் வேர் பல வேளைகளில் இங்கேதான் இருக்கிறது.

சுருக்கமாக: லொறிப் பட்டியல் எஸ்பிஎஃப், முத்திரை டிகேஐஎம், காவலாளிக்கான கட்டளை டிமார்க். உங்கள் சரியான முகவரியை மற்றவர் போட்டு எழுதுவதை இவை தடுக்கும். ஒத்த தோற்றமுள்ள முகவரியையும், உங்கள் பெட்டிக்குள்ளேயே நுழைந்துவிட்டவனையும் தடுக்காது.

## பெட்டிக்குள் குடியிருப்பவன்

ஊவாப் பக்கத்தில் சிறு அளவில் தேயிலை பொதியிட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். 'உங்கள் அஞ்சல் பெட்டி நிறைந்துவிட்டது, மீண்டும் உள்நுழையவும்' என்று ஒரு கடிதம் வந்தது. அவர் உள்நுழைந்தார். அது போலிப் பக்கம், கடவுச்சொல் போனது. அதன்பின் எதுவுமே நடக்கவில்லை. இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே வந்தவன் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியும் தனக்கு வரும்படி ஒரு விதியை அமைத்துவிட்டு வாசித்துக்கொண்டிருந்தான். யார் வாங்குகிறார்கள், எப்போது பணம் வரும், இவர் எப்படி எழுதுவார், 'அன்புடன்' என்று முடிப்பாரா 'நன்றி' என்று முடிப்பாரா என்று எல்லாம் படித்தான். கொள்வனவாளர் பணம் அனுப்ப வேண்டிய வாரத்தில் அந்தப் பெட்டியிலிருந்தே ஒரு கடிதம் போனது: எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய இலக்கம் இது.

பணம் போனது. அதைவிட, 'நான் செலுத்திவிட்டேன்' என்று சொல்லும் கொள்வனவாளருக்கும் 'எனக்கு வரவில்லை' என்று சொல்லும் விற்பனையாளருக்கும் இடையில் எட்டு வருடப் பழக்கம் போனது. இந்த வகை மோசடியில் 2023ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 290 கோடி டொலர் இழப்பு அமெரிக்காவின் எஃப்பிஐயிடம் முறையிடப்பட்டது. பெரிய நிறுவனங்களின் தொகை என்று தோன்றலாம். ஒரு பருவத்துக் கொழுந்தின் முழு வரவையும் ஒரே கொடுப்பனவில் பெறும் சிறு வணிகருக்கு அந்த ஒரு கடிதமே போதும்.

தடுக்கும் வழிகளில் மிக வலியது மிக எளியது. வங்கிக் கணக்கு மாற்றம் பற்றி எந்தக் கடிதம் வந்தாலும், அந்தக் கடிதத்தில் இல்லாத, முன்பே உங்களிடம் இருக்கும் தொலைபேசி இலக்கத்தை அழைத்துக் குரலைக் கேட்ட பின்தான் பணம் அனுப்ப வேண்டும். இதை உங்கள் வாடிக்கையாளர்களுக்கும் இன்றே எழுதுங்கள்: 'எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் நாங்கள் மின்னஞ்சலில் மட்டும் ஒருபோதும் அறிவிக்க மாட்டோம்.' ஒவ்வொரு விலைச்சீட்டின் அடியிலும் இந்த வரி இருக்கட்டும்.

அடுத்தது இரட்டைச் சரிபார்ப்பு. கடவுச்சொல்லுக்குப் பின் கையடக்கத் தொலைபேசியில் வரும் இரண்டாவது இலக்கத்தையும் கேட்கும் முறை இது. குறுந்தகவலாகப் பெறுவதைவிட, இலக்கத்தைத் தொலைபேசியிலேயே உருவாக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள். நம் பக்கத்துக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. அடைமழையில் சிக்னல் போய் மஸ்கெலியாவே இருட்டில் கிடக்கும் நாளிலும் அந்தச் செயலி வேலை செய்யும். அதற்கு வலையமைப்பு தேவையில்லை. அமைக்கும்போது தரப்படும் அவசர இலக்கங்களைத் தாளில் எழுதி, அடையாள அட்டைப் பிரதிகளோடு அலுமாரியில் வையுங்கள். தொலைபேசி தொலைந்த நாளில் அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

எந்தக் கணக்குகளுக்கு முதலில்? டொமைன் பதிவுக் கணக்கு, அஞ்சல் பெட்டி. மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் அஞ்சல் பெட்டி வழியாக மாற்றிவிடலாம் என்பதால், வங்கிக்குக் கொடுக்கும் அதே கவனத்தை அதற்கும் கொடுக்க வேண்டும். கடையில் இருக்கும் நான்கு பேரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வதை நிறுத்தி ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள். மாதம் ஒருமுறை அமைப்புப் பகுதிக்குப் போய், உங்கள் கடிதங்கள் வேறு எங்கேனும் திருப்பி அனுப்பப்படுகின்றனவா என்று பாருங்கள். ஊவா நண்பரின் பெட்டியில் அந்த விதி எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில்தான் இருந்தது, பார்க்கத்தான் எவரும் போகவில்லை.

சொந்த டொமைனில் மின்னஞ்சல் இல்லாமல் ஜிமெயிலை வைத்தே நடத்தலாமா என்று கேட்கிறார்கள். கவனிக்க ஆள் இல்லாத சொந்த அஞ்சலைவிட, இரட்டைச் சரிபார்ப்பு போட்ட ஜிமெயில் நல்லது என்பதே என் கருத்து. மலிவான சேவையகத்தில் யாரோ ஒருவர் அமைத்து, பின் எவரும் தொடாமல் கிடக்கும் அஞ்சல்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2023இல் அரசின் மேகக் கணினி அமைப்பு கப்பம் கேட்கும் வைரஸால் தாக்கப்பட்டபோது, பழைய மென்பொருள் புதுப்பிக்கப்படாமல் இருந்தது. பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. சுமார் 5000 அரச மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. பிரதி எடுத்தால் அதை வேறிடத்தில் வையுங்கள்.

## ஏற்கெனவே நடந்துவிட்டால்

பணம் போயிருந்தால் முதலில் வங்கியை அழையுங்கள். பொலிஸுக்கு முன், தளத்தை அமைத்தவருக்கு முன், உறவினருக்கு முன். அனுப்பியவரின் வங்கியும் அதே மணிநேரத்தில் அறிய வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டுவதற்குள் தடுக்க வாய்ப்பு உண்டு, மறுநாள் அந்த வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும்.

பிறகு சுத்தமான இன்னொரு கணினியிலோ தொலைபேசியிலோ இருந்து அஞ்சல் பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் கட்டளையைக் கொடுத்து, திருப்பி அனுப்பும் விதிகளை நீக்குங்கள். நீக்கும் முன் அவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மோசடிக் கடிதங்களை வெட்கத்தாலோ கோபத்தாலோ அழித்துவிடாதீர்கள். அவற்றின் தலைப்பகுதியில்தான் எந்த வழியாக வந்தன என்ற தடயம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி இது தண்டனைக்குரிய குற்றம். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவிலும், கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாள 2006 முதல் இயங்கும் இலங்கை சேர்ட் என்ற தேசிய அமைப்பிலும் முறையிடலாம். தமிழிலேயே எழுதிக் கொடுங்கள்.

பின்பு உங்கள் வாடிக்கையாளர்களுக்கு அன்றைக்கே சொல்லுங்கள். ஊவா நண்பர் வெட்கப்பட்டு ஒரு வாரம் மறைத்தார். அந்த ஒரு வாரத்தில் இன்னும் இரண்டு பேருக்கு அதே கடிதம் போயிருந்தது.